லினக்ஸ் கணினியில் எஸ்எஸ்டி வேகம் குறைவது ஏன்? சரிபார்ப்பது எப்படி?

பழைய மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சாலிட் ஸ்டேட் டிரைவ் எனப்படும் எஸ்எஸ்டியைப் பொருத்தி, லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியவர்கள் முதலில் கவனிப்பது அதன் வேகத்தைத்தான். நிமிடக் கணக்கில் துவங்கிய கணினி சில நொடிகளில் துவங்கிவிடுகிறது. ஆனால், ஓரிரு ஆண்டுகளுக்குப் பிறகு அதே கணினியில் பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது இடையிடையே வேலை நின்றுபோவதாகப் பலரும் கூறுகின்றனர். எஸ்எஸ்டி பழுதடைந்துவிட்டது என்று கருதி புதியது வாங்குவோரும் உண்டு.

பல நேரங்களில் டிரைவ் பழுதாகியிருப்பதில்லை. எந்தெந்தக் கோப்புகள் அழிக்கப்பட்டுவிட்டன என்ற தகவல் அதற்குச் சென்று சேரவில்லை என்பதே காரணமாக இருக்கிறது. அந்தத் தகவலைக் கொண்டுசெல்லும் கட்டளையின் பெயர் டிரிம். லினக்ஸில் இந்த வசதி 15 ஆண்டுகளுக்கும் மேலாக உள்ளது. எனினும், எல்லாக் கணினிகளிலும் அது தானாகச் செயல்படுவதில்லை.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11க்கு மாற இயலாத கணினிகளை லினக்ஸுக்கு மாற்றுவது அதன் பிறகு பரவலாகப் பேசப்படுகிறது. இந்தியாவைப் பொறுத்தவரை லினக்ஸ் புதியதல்ல. கேரள அரசுப் பள்ளிகளில் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட கைட் குனு லினக்ஸ் பயன்பாட்டில் உள்ளது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸை உருவாக்கியுள்ளது. இத்தகைய கணினிகளைப் பராமரிப்பவர்கள் எஸ்எஸ்டி குறித்து அறிந்திருக்க வேண்டிய விவரங்கள் வருமாறு:

அழித்த கோப்பு எங்கே போகிறது?

எஸ்எஸ்டியில் தரவைத் தாங்குவது நாண்ட் ஃபிளாஷ் எனப்படும் சில்லு. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா தலைமையிலான குழு 1987இல் இதனை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. இந்தச் சில்லுக்கு ஒரு விநோதமான கட்டுப்பாடு உண்டு. எழுதுவது சிறு சிறு பக்கங்களாக நடைபெறும். ஒரு பக்கம் பெரும்பாலும் 4 முதல் 16 கிலோபைட் வரை இருக்கும். ஆனால், அழிப்பதைப் பக்கம் பக்கமாகச் செய்ய முடியாது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் அடங்கிய ஒரு தொகுதியை ஒட்டுமொத்தமாகத்தான் அழிக்க முடியும். ஏற்கெனவே எழுதப்பட்ட பக்கத்தின் மீது நேரடியாக மீண்டும் எழுதவும் இயலாது.

பேனாவால் மட்டுமே எழுதப்படும் கணக்குப் புத்தகத்துடன் இதனை ஒப்பிடலாம். ஒரு வரியைத் திருத்த வேண்டுமென்றால் அதை அடித்துவிட்டு, வேறொரு வெற்று வரியில் புதிதாக எழுத வேண்டும். வெற்று வரிகள் தீர்ந்துபோனால், தேவையான வரிகளை மட்டும் புதிய தாளில் பார்த்து எழுதிக்கொண்டு பழைய தாளை அப்புறப்படுத்த வேண்டும். எஸ்எஸ்டியின் உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் இந்தப் பணியை ஓசையின்றிச் செய்துகொண்டே இருக்கிறது.

சிக்கல் இங்குதான் எழுகிறது. பயனர் ஒரு கோப்பை நீக்கும்போது லினக்ஸ் தன்னுடைய பதிவேட்டில் அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்கிறது. டிரைவுக்கு அது தெரியாது. நீக்கப்பட்ட திரைப்படத்தையும் பயன்பாட்டில் உள்ள ஆவணத்தையும் அது ஒரே மதிப்புடன் பாதுகாக்கிறது. ஒரு தொகுதியைக் காலி செய்யும் ஒவ்வொரு முறையும் யாருக்கும் தேவைப்படாத தரவையும் சுமந்து சென்று வேறிடத்தில் எழுதி வைக்கிறது. பயனர் எழுதச் சொன்னது ஒரு ஜிகாபைட்டாக இருந்தாலும், சில்லில் உண்மையில் எழுதப்படுவது அதைவிடப் பல மடங்காக உயர்கிறது. வேகம் குறைவதுடன், சில்லின் ஆயுளும் தேய்கிறது.

இந்த நிலையைத் தவிர்க்கவே டிரிம் கட்டளை வந்தது. குறிப்பிட்ட முகவரிகளில் உள்ள தரவு இனித் தேவையில்லை என்று இயங்குதளம் டிரைவுக்குத் தெரிவிக்கிறது. அதன் பிறகு அந்தப் பக்கங்களைச் சுமந்து திரிய வேண்டிய அவசியம் கன்ட்ரோலருக்கு இல்லை. 2008 டிசம்பரில் வெளியான லினக்ஸ் கெர்னல் 2.6.28இல் இதற்கான அடித்தளம் இடப்பட்டது. 2010இல் வெளியான 2.6.33 பதிப்பில் சாட்டா டிரைவ்களுக்கு டிரிம் கட்டளையை அனுப்பும் வசதி சேர்ந்தது.

வாரம் ஒரு முறை போதும்

டிரிம் கட்டளையை இரண்டு வழிகளில் அனுப்பலாம். கோப்பு நீக்கப்படும் ஒவ்வொரு முறையும் உடனுக்குடன் அனுப்புவது ஒன்று. இதற்குக் கோப்பு முறைமையை இணைக்கும்போது டிஸ்கார்ட் என்ற தெரிவைக் கொடுக்க வேண்டும். குறிப்பிட்ட கால இடைவெளியில் காலியிடங்கள் அனைத்தையும் மொத்தமாகத் தெரிவிப்பது மற்றொன்று. இதைச் செய்யும் நிரல் எஃப்எஸ்டிரிம்.

முதல் வழி கேட்பதற்குச் சிறப்பாகத் தோன்றினாலும், பழைய சாட்டா டிரைவ்களில் அதுவே தாமதத்துக்குக் காரணமாகிவிடும். ஆரம்ப கால டிரிம் கட்டளை மற்றக் கட்டளைகளுடன் வரிசையில் நிற்காது. வரிசையில் உள்ள அனைத்தும் முடிந்த பிறகே அதனை நிறைவேற்ற முடியும். 2011இல் வந்த சாட்டா 3.1 வரையறையில் இந்தக் குறை களையப்பட்டது. ஆனால், வரிசையில் நிற்கும் இந்தப் புதிய டிரிம் கட்டளையைச் சில டிரைவ்கள் சரிவரக் கையாளவில்லை. மைக்ரான், குரூஷியல், சாம்சங் நிறுவனங்களின் சில மாடல்களுக்கு அக்கட்டளையை அனுப்பக் கூடாது என்று லினக்ஸ் கெர்னலிலேயே ஒரு பட்டியல் சேர்க்கப்பட்டுள்ளது. இப்பட்டியலில் உள்ள டிரைவ்களுக்குப் பழைய முறையிலான டிரிம் தொடர்ந்து அனுப்பப்படுகிறது. எனவே, வீட்டுக் கணினிகளுக்கும் அலுவலகக் கணினிகளுக்கும் வாரம் ஒரு முறை இயங்கும் எஃப்எஸ்டிரிம் முறையே பொருத்தமானது. ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆவணங்களும் பொதுவாகத் தொகுப்பு முறையையே பரிந்துரைக்கின்றன.

உபுண்டுவில் இந்த வாராந்திரப் பணி 2014இல் வெளியான 14.04 பதிப்பு முதல் தானாக நடைபெறுகிறது. ஃபெடோராவில் 2020இல் வந்த 32ஆம் பதிப்பிலிருந்து இயல்பாகவே இயக்கப்பட்டுள்ளது. ஆர்ச் லினக்ஸில் பயனரே இதனை இயக்கிக்கொள்ள வேண்டும். பிற வெளியீடுகளில் எப்படி உள்ளது என்று ஊகிப்பதைவிடச் சரிபார்ப்பது எளிது. டெர்மினலில் சிஸ்டம்சிடிஎல் கட்டளையைக் கொண்டு எஃப்எஸ்டிரிம் டைமரின் நிலையைக் கேட்டால், அது இயங்குகிறதா, கடைசியாக எப்போது இயங்கியது, அடுத்து எப்போது இயங்கும் என்ற விவரங்கள் திரையில் தோன்றும். முடக்கப்பட்டிருந்தால் அதே சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் எனேபிள் என்ற சொல்லைச் சேர்த்து இயக்கலாம்.

இந்த டைமர் திங்கள்கிழமை தொடங்கும் நள்ளிரவை ஒட்டிய நேரத்துக்கு அமைக்கப்பட்டுள்ளது. அந்நேரத்தில் கணினி அணைந்திருந்தால், அடுத்த முறை இயக்கப்படும்போது விடுபட்ட பணி நிறைவேறும். வாரத்தின் முதல் நாள் காலையில் கணினி சற்று நேரம் மந்தமாக இருப்பதாகத் தோன்றினால் இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

எஃப்எஸ்டிரிம்மைக் கைமுறையாக இயக்கிப் பார்ப்பவர்களை ஒரு விஷயம் குழப்புவதுண்டு. எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் முதல் முறை பல ஜிகாபைட் டிரிம் செய்யப்பட்டதாகக் காட்டும் நிரல், உடனே மீண்டும் இயக்கினால் 0 பைட் என்று காட்டலாம். இது பிழையன்று. ஏற்கெனவே தெரிவித்த காலியிடங்களை எக்ஸ்ட்4 நினைவில் வைத்திருப்பதால் மீண்டும் தெரிவிப்பதில்லை. எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை ஒவ்வொரு முறையும் காலியிடம் முழுவதையும் தெரிவிக்கும்.

பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையைப் பயன்படுத்துவோருக்கு இந்தக் கவலை குறைவு. 2023இல் வெளியான கெர்னல் 6.2 முதல், நீக்கப்பட்ட இடங்களைச் சேர்த்துவைத்துப் பின்னணியில் சிறிது சிறிதாகத் தெரிவிக்கும் முறை அதில் இயல்பாகவே செயல்படுகிறது.

தகவல் தடைபடும் இடங்கள்

டைமர் இயங்குவதாலேயே டிரைவுக்குத் தகவல் போய்ச் சேர்கிறது என்று கொள்ள முடியாது. இடையில் உள்ள ஏதேனும் ஓர் அடுக்கு அதனைத் தடுத்துவிடலாம். எல்எஸ்பிஎல்கே கட்டளையை டிஸ்கார்ட் தெரிவுடன் இயக்கினால், ஒவ்வொரு டிரைவுக்கும் ஒவ்வொரு பகிர்வுக்கும் நேராகச் சில எண்கள் தோன்றும். டிஸ்க்-கிரான், டிஸ்க்-மேக்ஸ் என்ற நிரல்களில் பூஜ்ஜியம் இருந்தால் அந்த அடுக்கைத் தாண்டி டிரிம் செல்லவில்லை என்று பொருள்.

வெளியே இணைக்கும் யுஎஸ்பி பெட்டிகள் இதற்கு முதல் உதாரணம். சாட்டா டிரைவை யுஎஸ்பியாக மாற்றித்தரும் சில்லுகளில் பல, டிரிம் கட்டளையைக் கடத்துவதில்லை. பல ஆண்டுகளாக இத்தகைய பெட்டியில் காப்பு நகல் எடுத்துவரும் எஸ்எஸ்டி மெதுவாகிப்போவதற்கு இதுவே பொதுவான காரணம்.

இரண்டாவது, மறையாக்கம். மடிக்கணினி திருடுபோனாலும் தரவு பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று லக்ஸ் முறையில் டிரைவைப் பூட்டி வைப்பவர்கள் உள்ளனர். இந்த அடுக்கு இயல்பு நிலையில் டிரிம் கட்டளைகளைக் கீழே அனுப்பாது. அதற்குக் காரணம் உண்டு. பூட்டப்பட்ட டிரைவ் முழுவதும் வெளியாருக்குப் பொருளற்ற இரைச்சலாகத் தெரிய வேண்டும். டிரிம் அனுமதிக்கப்பட்டால், எந்தெந்த இடங்கள் காலி, எவ்வளவு தரவு உள்ளது, எவ்வகைக் கோப்பு முறைமை என்பன போன்ற வடிவங்கள் வெளியில் தெரிந்துவிடும். கோப்புகளின் உள்ளடக்கம் மட்டும் தெரியாது. சாதாரணப் பயனருக்கு இந்தக் கசிவு பொருட்படுத்தத் தக்கதன்று என்பதால், கிரிப்ட்டாப் கோப்பில் டிஸ்கார்ட் என்று சேர்த்து அனுமதிக்கலாம். உண்மையிலேயே கண்காணிப்புக்கு அஞ்ச வேண்டிய நிலையில் இருப்பவர்கள், வேகத்தை விட்டுக்கொடுத்துப் பூட்டை அப்படியே வைத்திருப்பதே நல்லது. சில வெளியீடுகளின் நிறுவல் நிரல் இந்த முடிவைப் பயனரிடம் கேட்காமலேயே எடுத்துவிடுகிறது என்பதால், கிரிப்ட்டாப் கோப்பை ஒரு முறை திறந்து பார்ப்பது அவசியம்.

மூன்றாவது, பல டிரைவ்களை ஒன்றிணைக்கும் ரெய்டு அமைப்பு. இந்த அடுக்கில் டிரிம் எந்த அளவுக்கு விபரீதமாக முடியக்கூடும் என்பதை 2015இல் நிகழ்ந்த சம்பவம் காட்டியது. தேடல் சேவை வழங்கும் அல்கோலியா நிறுவனத்தின் சர்வர்களில் கோப்புகளின் சில பகுதிகள் திடீரென வெறும் பூஜ்ஜியங்களாக மாறியிருந்தன. அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் நீண்ட ஆய்வுக்குப் பின்னர், சாம்சங் எஸ்எஸ்டிகள் டிரிம் கட்டளையைத் தவறாகக் கையாள்வதே காரணம் என்ற முடிவுக்கு வந்து அதனை ஜூன் மாதம் வெளியிட்டனர். சாம்சங் நிறுவனம் அதே சூழலை மீண்டும் உருவாக்கிப் பரிசோதித்தது. பிழை டிரைவில் இல்லை. ரெய்டு அமைப்பில் டிரிம் கட்டளைகளைப் பிரித்து அனுப்பும் லினக்ஸ் கெர்னலின் பகுதியில் இருந்தது. அதற்கான திருத்தத்தை அடுத்த மாதமே சாம்சங் தரப்பு சமர்ப்பித்தது. பல டிரைவ்களை இணைத்துப் பயன்படுத்தும் சர்வர்களில் டிரிம்மை இயக்கும் முன்னர் கெர்னலைப் புதுப்பிப்பதும், முழுமையான காப்பு நகல் எடுப்பதும் கட்டாயம் என்று சொல்லப்படுவதன் பின்னணி இது.

காலியிடம் என்னும் கச்சாப்பொருள்

டிரிம் சரியாக நடந்தாலும், டிரைவ் விளிம்பு வரை நிரம்பியிருந்தால் பயன் குறைவு. தரவை நகர்த்தி ஒழுங்குபடுத்தக் கன்ட்ரோலருக்குக் காலித் தொகுதிகள் வேண்டும். விலை குறைந்த எஸ்எஸ்டிகளில் இதன் தாக்கம் இன்னும் கூடுதல்.

அந்த டிரைவ்களில் ஒரு நினைவுக் கலத்தில் 3 அல்லது 4 பிட்கள் சேமிக்கப்படுகின்றன. 4 பிட்களுக்கு ஒரே கலத்தில் 16 மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும் என்பதால் எழுதும் வேகம் குறைவு. இதை மறைக்க, காலியாக உள்ள கலங்களில் தற்காலிகமாக ஒரு பிட் மட்டும் எழுதி, பின்னர் ஓய்வு நேரத்தில் நெருக்கி அடுக்கும் உத்தியை நிறுவனங்கள் கையாள்கின்றன. இன்டெல் 660பி டிரைவின் 1 டெராபைட் மாடலில் இந்தத் தற்காலிகப் பகுதி, டிரைவ் பெரும்பாலும் காலியாக உள்ளபோது சுமார் 140 ஜிகாபைட். நிரம்ப நிரம்ப அது சுருங்கி 12 ஜிகாபைட்டுக்கு வந்துவிடும். அந்த 12 ஜிகாபைட் தீர்ந்த பிறகு எழுதும் வேகம் பழைய ஹார்ட் டிஸ்க்கின் நிலைக்கு இறங்குகிறது. பாதிக் கோப்பு வேகமாக நகலாகி, மீதி இழுத்துக்கொண்டே போவதாகப் பயனர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். மொத்தக் கொள்ளளவில் 10 முதல் 20 சதவீதம் வரை காலியாக வைத்திருப்பது நடைமுறையில் போதுமானது.

பழைய கணினிகளில் வேறொரு காரணத்தையும் பார்த்துவிட வேண்டும். எச்டிபார்ம் கட்டளை மூலம் வாசிப்பு வேகத்தை அளக்கலாம். நல்ல சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 500 மெகாபைட்டைத் தாண்டும். அளவு 300க்குள்ளேயே நின்றுவிட்டால், கணினியின் மதர்போர்டில் இருப்பது நொடிக்கு 3 ஜிகாபிட் வேகம் கொண்ட பழைய சாட்டா இணைப்பாக இருக்கலாம். அதற்கு மருந்து ஏதும் இல்லை. டிரைவை மாற்றினாலும் வேகம் கூடாது.

என்விஎம்இ வகை டிரைவ்கள் வெப்பம் மிகும்போது தங்களைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். கோடைக்காலத்தில் காற்றோட்டமற்ற பெட்டிக்குள் இது சாதாரணமாக நிகழ்வதே.

கைவிட வேண்டிய பழைய யோசனைகள்

எஸ்எஸ்டி அறிமுகமான காலத்தில் கூறப்பட்ட பல அறிவுரைகள் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஸ்வாப் பகுதியை முற்றிலும் நீக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. சாம்சங் 970 ஈவோ பிளஸ் 1 டெராபைட் டிரைவுக்கு 5 ஆண்டுகள் அல்லது 600 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம் அளிக்கப்படுகிறது. 5 ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்குச் சுமார் 328 ஜிகாபைட். அலுவலகப் பணிக்கான கணினி ஒன்றில் ஸ்வாப் இதன் அருகில்கூட வருவது அரிது. மாறாக, 4 ஜிகாபைட் நினைவகம் கொண்ட பழைய கணினியில் ஸ்வாப்பை நீக்கினால் நிரல்கள் எதிர்பாராமல் மூடப்படும்.

கோப்பைத் திறக்கும் நேரத்தைப் பதிவு செய்வதை நிறுத்தும் நோஏடைம் தெரிவு இன்னொன்று. 2009இல் வந்த கெர்னல் 2.6.30 முதலே இந்தப் பதிவுகள் வெகுவாகக் குறைக்கப்பட்டுவிட்டதால் இதனால் கிடைக்கும் லாபம் மிகச் சிறியது. இன்புட்-அவுட்புட் ஷெட்யூலரை மாற்றச் சொல்லும் குறிப்புகளில் இடம்பெறும் சிஎஃப்க்யூ, கெர்னல் 5.0இலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஹார்ட் டிஸ்க்கில் செய்வதுபோல் டிஃப்ராக் செய்வது எஸ்எஸ்டிக்குப் பயன் தராது. தேவையற்ற எழுத்துகளை மட்டுமே கூட்டும்.

ஃபார்ம்வேர் புதுப்பிப்பு

இதற்கு நேர்மாறாக, பலரும் கண்டுகொள்ளாத ஒன்று டிரைவின் உள்ளே இயங்கும் ஃபார்ம்வேர். சாம்சங் 840 ஈவோ டிரைவ்களில், எழுதி நீண்ட நாளான கோப்புகளை வாசிக்கும் வேகம் கடுமையாகச் சரிவது 2014இல் வெளிச்சத்துக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஒரு திருத்தமும், அது முழுமையாகத் தீர்க்காததால் 2015இல் மற்றொரு திருத்தமும் வெளியாயின.

2019 நவம்பரில் ஹியூலெட் பேக்கார்டு என்டர்பிரைஸ் நிறுவனம் விடுத்த அறிவிப்பு இன்னும் தீவிரமானது. அதன் சில சர்வர் எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் இயங்கியதும் செயலிழந்துவிடும் என்றும், அதன் பின்னர் தரவை மீட்க முடியாது என்றும் அந்நிறுவனம் எச்சரித்தது. அதாவது 3 ஆண்டுகள், 270 நாட்கள், 8 மணி நேரம். ஒரே நாளில் பொருத்தப்பட்ட டிரைவ்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் செயலிழக்கும் என்பதால், ஒன்று போனால் மற்றொன்று காக்கும் என்ற ரெய்டு பாதுகாப்பும் அங்கே உதவாது. ஃபார்ம்வேரைப் புதுப்பிப்பது மட்டுமே தீர்வாக இருந்தது.

லினக்ஸில் எஃப்டபிள்யுஅப்டி என்ற கருவி, ஆதரிக்கப்படும் டிரைவ்களின் புதிய ஃபார்ம்வேரைத் தேடி நிறுவுகிறது. அதில் இடம்பெறாத டிரைவ்களுக்கு, தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் பென்டிரைவிலிருந்து இயக்கும் ஐஎஸ்ஓ கோப்பு கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

டிரைவின் உடல்நிலையை அறிய ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை போதும். என்விஎம்இ டிரைவ்களில் பயன்படுத்தப்பட்ட ஆயுள் சதவீதம், மீதமுள்ள உபரித் தொகுதிகள், இதுவரை எழுதப்பட்ட தரவின் அளவு ஆகியவை காட்டப்படும். ஆயுள் சதவீதம் 100ஐத் தாண்டினால் டிரைவ் அன்றே நின்றுவிடும் என்று பொருளில்லை. உத்தரவாத அளவு முடிந்தது என்பதே பொருள். உபரித் தொகுதிகளின் எண்ணிக்கை தொடர்ந்து சரிவதுதான் கவனிக்க வேண்டிய அறிகுறி.

டிரிம் இயக்கத்தில் உள்ள கணினிகளில் ஓர் இழப்பும் உண்டு. ஹார்ட் டிஸ்க்கில் தவறுதலாக நீக்கிய கோப்பைப் பல நாட்கள் கழித்தும் மீட்பு மென்பொருள் கொண்டு எடுக்க முடிந்தது. எஸ்எஸ்டியில் டிரிம் ஒரு முறை ஓடிவிட்டால் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. தவறி ஒரு கோப்பை நீக்கியவர் செய்ய வேண்டிய முதல் வேலை, எஃப்எஸ்டிரிம் டைமரை உடனே நிறுத்திவிட்டு அந்த டிரைவில் எழுதுவதைத் தவிர்ப்பது. உடனுக்குடன் அனுப்பும் முறையில் இருப்பவர்களுக்கு அந்த அவகாசமும் கிடையாது. அவர்களிடம் இருக்க வேண்டியது வேறொரு டிரைவில் எடுத்துவைத்த நகல்.